இரட்டைக் குழிக் கழிப்பறை தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

தூய்மை பாரத இயக்கம் 2014 அக்டோபர் 2-இல் தொடங்கியபின், 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் நம் ஊர்களில் நிறையக் கழிப்பறைகள் எழும்பின. அவற்றில் பல இரட்டை உறிஞ்சுகுழி வகை: ஒரு குழி பயன்பாட்டில் இருக்கும்போது மற்றது ஓய்வில் மட்கும். கட்டிய கொத்தனார் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எது எங்கே போகிறது, எந்தக் குழி எப்போது மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆகவே ஒரு நாள் தண்ணீர் இறங்காமல் நின்றால் "குழி ரொம்பிப் போச்சு" என்று கதவைப் பூட்டிவிடுகிறார்கள்.

பூட்டிய கழிப்பறை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் வீட்டு ஆண்கள் கம்மாக்கரைக்குப் போய்ப் பழகிவிடுவார்கள். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். அதனால் சின்னப் பழுதானாலும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஊர் ஊராக இந்தப் பழுதுகளைப் பார்த்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: "குழி நிறைந்துவிட்டது" என்று கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் குழி நிறைந்திருப்பதே இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் மூங்கில் பிளாச்சும் போதுமான வேலையாகத்தான் இருக்கும்.

## கை வைப்பதற்கு முன்

உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். கழிப்பறைக்குப் பின்னாலோ பக்கத்திலோ இரண்டு வட்ட மூடிகளும், அவற்றுக்கு முன்னால் ஒரு சின்னச் சதுர மூடியும் இருந்தால் இரட்டைக் குழி. அந்தச் சதுர மூடிக்குக் கீழே, குழாய் இரண்டு குழிக்கும் பிரியும் இடம்தான் சேம்பர். ஒரே நீளத் தொட்டியும் மேலே உயர்ந்த காற்றுக் குழாயும் இருந்தால் செப்டிக் டேங்க். நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

எந்த வேலையாக இருந்தாலும் குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ ஆள் இறங்கக் கூடாது. வட்ட மூடியைத் திறந்தால் அரை மணி நேரம் அப்படியே விட்டு விலகி நில்லுங்கள். பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். குனிந்து தலையை உள்ளே நீட்ட வேண்டாம். குழந்தைகள் நடமாடும் வீடென்றால் மூடி திறந்திருக்கும்வரை ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடைப்பு என்றதும் "அந்தத் தெருவிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வா" என்று சொல்லும் வழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. உங்கள் வீட்டு பேசினில் (கழிப்பறைக் கோப்பையில்) வரும் அடைப்பை நீங்களே ரப்பர் கையுறை போட்டு எடுக்கலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. பிறவியைக் காட்டி இன்னொரு மனிதர் தலையில் அதைக் கட்டுவது அநியாயம். மட்காத மலத்தை மனிதக் கையால் அள்ளவைப்பது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

## அறிகுறி 1: தண்ணீர் ஊற்றினால் இறங்கவில்லை, பேசினில் நிற்கிறது

சேம்பரின் சதுர மூடியைத் திறங்கள். ஒருவர் பேசினில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றட்டும், இன்னொருவர் சேம்பரைப் பார்க்கட்டும். எங்கே அடைப்பு என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சேம்பர் காய்ந்திருக்கிறது, தண்ணீர் வரவே இல்லை

அடைப்பு பேசினுக்கும் சேம்பருக்கும் நடுவில். பெரும்பாலும் பேசினுக்கு அடியில் வளைந்திருக்கும் ட்ராப்பில்தான் சிக்கியிருக்கும். துணி, நாப்கின், ஷாம்பு பாக்கெட், குழந்தையின் டயப்பர், வேப்பங்குச்சி, சில வீடுகளில் துவைக்கிற பிரஷ்கூட வந்திருக்கிறது. வாளி நிறையத் தண்ணீரை இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் இறங்கவில்லையென்றால், நீளமான மூங்கில் பிளாச்சின் நுனியைத் தீயில் வாட்டி வளைத்து, முனையில் பழந்துணியை இறுகச் சுற்றிக் கட்டி மெதுவாக விட்டு இழுங்கள். குத்தித் தள்ள வேண்டாம், ட்ராப் பீங்கானாக இருந்தால் உடைந்துவிடும். சேம்பர் பக்கமிருந்து தோட்டத்து ஹோஸ் குழாயை விட்டுத் தண்ணீரை வேகமாகத் திறப்பது இன்னும் நல்லது. பல அடைப்புகள் பின்பக்கமாகத் தள்ளினால்தான் நகரும்.

ஆசிட் ஊற்றாதீர்கள். துணியை அது கரைக்காது. குழிக்குள் மலத்தை மட்கவைக்கும் கிருமிகளைக் கொன்றுபோடும். அடுத்து கை விடுகிறவரின் தோலையும் பதம் பார்க்கும்.

புதுக் கழிப்பறையில் முதல் நாளிலிருந்தே இறங்கவில்லையென்றால் துணியைத் தேடாதீர்கள். கட்டும்போது சிமெண்ட் விழாமலிருக்க ட்ராப்பின் வாயில் சாக்கைத் திணித்துவைப்பது வழக்கம். எடுக்க மறந்திருப்பார்கள். அல்லது சிமெண்ட் கலவை உள்ளே விழுந்து இறுகியிருக்கும். சாக்கை நீங்கள் எடுக்கலாம். இறுகிய கலவையென்றால் கட்டிய கொத்தனாரைக் கூப்பிட்டு அவர் செலவிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

சேம்பருக்குத் தண்ணீர் வருகிறது, ஆனால் சேம்பரே நிறைந்து நிற்கிறது

அடைப்பு அதற்கு அப்பால். சேம்பரிலிருந்து குழிக்குப் போகும் குழாயில் பிளாச்சை விடுங்கள். தடங்கலில்லாமல் போய், ஆனாலும் தண்ணீர் வடியவில்லையென்றால் குழாயில் குறையில்லை, குழியைப் பார்க்க வேண்டும்; அறிகுறி 2-க்குப் போங்கள். பாதி வழியில் முட்டினால் குழாய் அடைப்பு. ஹோஸ் வைத்துத் தள்ளுங்கள்.

சேம்பர் மூடியைச் சுற்றிப் பூசாமல் விட்டிருந்தால் மண்ணும் சருகும் உள்ளே விழுந்திருக்கும். கரண்டியால் வாரி எடுத்துவிட்டு, மூடியின் விளிம்பில் களிமண்ணோ லேசான சுண்ணாம்புக் கலவையோ பூசுங்கள். கெட்டிச் சிமெண்ட் போட்டால் அடுத்த முறை உடைத்துத்தான் திறக்க வேண்டிவரும்.

எடுத்தாலும் மாதத்துக்கு ஒரு முறை மறுபடியும் அடைக்கிறது

இது பயன்படுத்துகிறவர்களின் தவறில்லை, கட்டியதில் கோளாறு. மலிவான காரணத்திலிருந்து பாருங்கள்.

முதலில் தண்ணீரின் அளவு. கிராமப்புறத்துக்கென்று வரும் பேசினின் அடிப்பக்கம் 25 முதல் 30 டிகிரி வரை சரிந்திருக்கும். ஒன்றரை, இரண்டு லிட்டரில் சுத்தமாகப் போய்விடும். கடையில் "பார்க்க நல்லா இருக்கு" என்று வாங்கிய தட்டையான நகரத்து பேசினுக்கு அரை வாளியாவது வேண்டும். அந்த பேசின் உள்ள வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் மலம் குழாயிலேயே தங்கிக் காய்ந்து அடைக்கும். தண்ணீருக்குக் கஷ்டமில்லாத வீடென்றால் கூடுதலாக ஊற்றிப் பாருங்கள். தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமக்கிற வீடென்றால் பேசினை மாற்றுவதே நல்லது. அந்தக் குடத்தைச் சுமப்பது யார் என்று யோசித்தால் இது பெரிய செலவாகத் தெரியாது.

அடுத்தது வாட்டம். பேசினிலிருந்து குழிவரை 15 அடிக்கு ஓர் அடியாவது இறக்கம் வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூப்) பிடித்துப் பாருங்கள். நடுவில் 90 டிகிரி எல்போ (குழாயைத் திருப்பும் மூட்டு) போட்டிருந்தால் அடைப்பு அங்கேதான் வரும். குழாய் 4 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தாலும் இதே கதைதான். இவை மூன்றுக்கும் தோண்டிக் குழாயை மாற்ற வேண்டும். ஒரு நாள் கொத்து வேலை. கொத்தனாரைக் கூப்பிடும் இடம் இது. எல்போவை எடுத்துவிட்டு, திருப்பம் தேவைப்படும் இடத்தில் சின்னச் சேம்பர் கட்டச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: குழி நிறைந்துவிட்டதா என்று சந்தேகம்

மூன்றடிக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் ஆழமும் உள்ள ஒரு குழி, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று ஆண்டு வாக்கில் தாங்கும். ஒரு வருஷம்கூட ஆகாத குழி நிறைந்தது என்றால் முதலில் நம்பாதீர்கள், அறிகுறி 3-ஐப் பாருங்கள்.

சரியான சோதனை இது. ஓர் இரவு முழுக்கக் கழிப்பறையைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, காலையில் பயன்பாட்டிலிருக்கும் குழியின் மூடியைத் திறந்து, மேலே சொன்னபடி காத்திருந்து, நீளக் கம்பை மேலிருந்தே உள்ளே விடுங்கள். கம்பில் ஒட்டும் கெட்டி மலம், குழாய் வந்து விழும் வாய்வரை இருந்தால் குழி நிறைந்துவிட்டது. மேலே தண்ணீரும் அடியில் கொஞ்சம் கெட்டியும் என்றால் நிறையவில்லை.

நிறைந்துவிட்டது, இரண்டாவது குழி காலியாக இருக்கிறது

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சேம்பரில் இரண்டு குழிகளுக்கும் போகும் வாய்களில் ஒன்று அடைத்திருக்கும். அடைத்ததைத் திறந்து, இதுவரை திறந்திருந்த வாயை செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடையுங்கள். குழி மாற்றிய தேதியைக் குறித்துவைக்க வேண்டும்: கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் பெயிண்டால் மாதமும் ஆண்டும் எழுதுங்கள். காகிதத்தில் எழுதியது ஒரு வீட்டிலும் தேறியதில்லை.

இரண்டு குழியும் ஈரமாக, பாதிப் பாதியாக இருக்கிறது

நான் பார்த்தவற்றில் மிகவும் கவலை தரும் பழுது இதுதான். சேம்பரில் எந்த வாயையும் அடைக்காமலே கட்டி முடித்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து நிறைந்துவிட்டால் மட்கவைக்க இடமே இருக்காது. இப்போதே ஒரு வாயை அடையுங்கள். எது குறைவாக நிறைந்திருக்கிறதோ அதைப் பயன்படுத்தி, மற்றதை ஓய்வுக்கு விடுங்கள். கணக்கு இன்று முதல்தான் தொடங்குகிறது.

ஓய்வில் இருந்த குழியை எப்போது எடுக்கலாம்?

மூடியபின் ஒன்றரை ஆண்டாவது ஆக வேண்டும். இரண்டு ஆண்டு விடுவது பாதுகாப்பு. ஓய்வுக் குழிக்குள் மழைநீர் போயிருந்தால் இரண்டுக்கும் மேலேயே விடுங்கள். திறந்து மேலிருந்து மண்வெட்டியால் ஒரு கொத்து எடுத்துப் பாருங்கள். கறுத்து, உதிரியாக, நாற்றமில்லாமல் பழைய எருக்குழி மண்போல இருந்தால் அள்ளலாம். ஈரமும் நாற்றமும் இருந்தால் உடனே மூடிவிட்டு இன்னும் ஆறு மாதம் காத்திருங்கள். இங்கேயும் ஆள் உள்ளே இறங்கத் தேவையில்லை. குழி ஆழமில்லாததால் நீளக் காம்பு மண்வெட்டி எட்டும். அள்ளியதை வெயிலில் காயவிட்டு, தென்னைக்கும் வாழைக்கும் வேரோரம் போட்டு மண் மூடுங்கள். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம்.

இதைத் தொட அருவருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பகுதியில் கங்காதேவிபள்ளி என்ற கிராமத்தில், மத்தியக் குடிநீர், துப்புரவுத் துறையின் அன்றைய செயலர் பரமேஸ்வரன் ஐயரும் பல மாநில அதிகாரிகளும் இப்படி மட்கிய குழியைத் தங்கள் கையாலேயே அள்ளிக் காட்டினார்கள். முழுதாக மட்கியபின் அது மலமில்லை, உரம். அதை அள்ள எந்தச் சாதியும் தேவையில்லை.

## அறிகுறி 3: குழி நிறையவில்லை, ஆனாலும் தண்ணீர் வடியாமல் நிற்கிறது

குளியலறைத் தண்ணீரையோ பாத்திரம் கழுவும் தண்ணீரையோ இந்தக் குழியில் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். முதல் காரணம் அதுதான். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் குழிச்சுவரின் மண் துளைகளைப் பூசிவிடும். அந்தக் குழாயைத் துண்டித்து, வாழைமரத்துக்கோ தனி உறிஞ்சுகுழிக்கோ திருப்புங்கள். பிறகு கழிப்பறையை மற்றக் குழிக்கு மாற்றி, தண்ணீர் நின்ற குழியைச் சில வாரம் விடுங்கள். பல குழிகள் தாமாகவே தெளிந்துவிடும்.

குளியல் தண்ணீர் வரவில்லையென்றால், பேசினின் பக்கத்தில் ஒழுகும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக இரவு முழுதும் போகும் தண்ணீர் சின்னக் குழியை எளிதில் நிரப்பிவிடும். இது ஒரு வாஷர் விலையில் முடிகிற வேலை.

இரண்டும் இல்லையென்றால் கம்பால் அடியைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கெட்டியாக முட்டினால் அடியில் சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்கள். "உறுதியாகக் கட்டித் தருகிறேன்" என்று சொல்லி, சுவரில் விட வேண்டிய சந்துகளையும் பூசி, அடியையும் பூசிவிடும் கொத்தனார்கள் உண்டு. உறிஞ்சுகுழியின் வேலையே தண்ணீரை மண்ணுக்கு விடுவதுதான். பூசிய குழி தொட்டியாகிவிடும். புதிதாகக் கட்டிய, இன்னும் பயன்படுத்தாத குழியென்றால் உடனே உடைத்துச் சரிசெய்யலாம். பயன்பாட்டில் இருக்கும் குழியென்றால் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கி உடைக்கக் கூடாது. மூன்றடி தள்ளிப் புதுக் குழி தோண்டுங்கள். சிமெண்ட் உறை இறக்கினால் துளையுள்ள உறையாக இறக்குங்கள், அடியைத் திறந்தே விடுங்கள்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கரிசல் மண்ணில் எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் நிற்கும். குழியை அகலமாக எடுத்து, உறைக்கு வெளியே ஓர் அடிக்கு மணலும் செங்கல் ஜல்லியும் நிரப்ப வேண்டும். செலவு கூடும். ஊராட்சியின் பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

## அறிகுறி 4: நாற்றம்

பேசினின் வாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். அதுதான் குழிக்காற்றை உள்ளே வரவிடாமல் தடுக்கும் பூட்டு. ஒரு செம்பு ஊற்றி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

தண்ணீர் அப்படியே நிற்கிறது, ஆனாலும் நாற்றம் என்றால், அது தரையில் சிந்திய மூத்திர நாற்றம். சொரசொரப்பான சிமெண்ட் தரை அதைக் குடித்துக்கொள்ளும். தென்னந்துடைப்பமும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்து, தரை பேசினை நோக்கிச் சரிந்திருக்கிறதா பாருங்கள். தேங்கும் மூலையில் மட்டும் சிமெண்ட் பால் தடவினால் போதும்.

தண்ணீர் மெதுவாக இறங்கிக் காணாமல் போனால் ட்ராப்பில் விரிசல். பேசினை எடுத்துத்தான் மாற்ற வேண்டும், கொத்தனார் வேலை.

வெளியில், குழிப் பக்கம் மட்டும் நாற்றமென்றால் மூடியில் வெடிப்பு. களிமண்ணோ கலவையோ பூசுங்கள். இரட்டைக் குழிக்குக் காற்றுக் குழாய் தேவையே இல்லை. வாயுவை மண்ணே இழுத்துக்கொள்ளும். யாராவது குழாய் நட்டிருந்தால் எடுத்துவிட்டுத் துளையை அடையுங்கள்.

## அறிகுறி 5: கொசு, கரப்பான்

இரட்டைக் குழியில் கொசு வந்தால் மூடி இடுக்கு, சேம்பர் மூடி இரண்டையும் பூசினால் நின்றுவிடும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் காற்றுக் குழாயின் மேல்வாயில் நைலான் வலை கட்டுங்கள். ஒரு முழம் வலை போதும். கழிப்பறைக்குள் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்க்காவிட்டால், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

## அறிகுறி 6: மழைக்காலத்தில் மட்டும் தகராறு

மேலிருந்து வரும் தண்ணீரா, கீழிருந்து வரும் தண்ணீரா என்று பிரித்துப் பாருங்கள்.

மழை பெய்தவுடன் நிறைந்து, விட்டதும் ஓரிரு நாளில் வடிந்தால் கூரைத் தண்ணீரோ வாசல் தண்ணீரோ குழிக்குள் ஓடுகிறது. மூடி தரைமட்டத்துக்கு அரை அடியாவது மேலே இருக்க வேண்டும். சுற்றிலும் மண் அணைத்துக் கரை கட்டுங்கள். உங்கள் உழைப்புதான் செலவு.

மழை நின்றும் வாரக்கணக்கில் நிற்கிறதென்றால் நிலத்தடி நீர் மேலேறிவிட்டது. திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகையில் இது வழக்கம். தோண்டி ஆழப்படுத்துவது நிலைமையை இன்னும் கெடுக்கும், குழி தண்ணீருக்குள்ளேயே போய்விடும். குழியைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டி, கழிப்பறையையும் படியோடு மேலே ஏற்ற வேண்டும். இந்த அறிகுறிகளிலேயே அதிகச் செலவு இதுதான். ஊராட்சி மூலம் பொறியாளர் வந்து பார்க்காமல் தொடங்காதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் கிணறோ அடிபம்போ குழிக்கு 10 மீட்டருக்குள் இருந்தால், அந்தத் தண்ணீரை மழைக்காலம் முழுதும் காய்ச்சிக் குடியுங்கள்.

## அறிகுறி 7: செப்டிக் டேங்க் பொங்குகிறது, அல்லது வெளியேறும் தண்ணீர் கறுப்பாக நாறுகிறது

நீங்களாகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. பேசின் அடைப்பா என்று அறிகுறி 1-இன்படி பாருங்கள். தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயின் வாயில் ஏதாவது சிக்கியிருந்தால் வெளியிலிருந்தே எடுங்கள். அதற்கு மேல் உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்திதான். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துவிட்டால் பொங்கும்வரை போகாது. எடுத்ததை எங்கே கொட்டுவீர்கள் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர் சொல்லாமல் மழுப்பினால் அது உங்கள் ஊர் ஓடைக்குத்தான் போகிறது.

தொட்டிக்குள் ஆள் இறங்குவதை இங்கே மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் சாவு நடப்பது இங்கேதான். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துவிடும். நாற்றமில்லை என்று நினைத்து இறங்குகிறவர் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிற அண்ணனும் மச்சானும் அதே இடத்தில் விழுகிறார்கள். யாராவது விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள்; 101-க்கும் 108-க்கும் சொல்லிவிட்டு, மேலிருந்து கயிறு எட்டினால் மட்டும் முயலுங்கள். பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குகிற எவருக்கும், வீட்டுக்காரரே ஆனாலும், முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறையோ 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இப்படிச் சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. போன உயிருக்கு அது ஈடாகாது. எந்த அவசரமும் லாரி வரும்வரை காத்திருக்கலாம்.

## அறிகுறி 8: ஒரே தெருவில் நாலைந்து வீட்டில் வயிற்றுப்போக்கு

இங்கே வரிசை மாறுகிறது. சோதனைக்கு முன்னால் நோயாளிகளைப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தட்டி வழித்த அளவில். குழந்தைக்கு 14 நாள் துத்தநாக மாத்திரை கிராம சுகாதார செவிலியரிடம் கிடைக்கும். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, அரிசி கழுவிய தண்ணீர்போலப் போனாலோ 108. அதே நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஒரு தெருவில் இரண்டாவது வீட்டில் வந்ததுமே சொல்ல வேண்டும்.

பிறகு தண்ணீர். ஊராட்சிக் குழாயா, கிணறா, அடிபம்பா என்று நோய் வந்த வீடுகளைக் கேட்டால் பொதுவானது எது என்று தெரிந்துவிடும்.

குழாய்த் தண்ணீர் என்றால் தெருவை நடந்து பாருங்கள். அழுத்தம் போதாத தெருக்களில் வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்தியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் தேங்கும். சப்ளை நின்றதும் குழாய் அதை உள்ளே இழுக்கும். நான் பார்த்த தெருக்களில் அடிக்கடி காரணமாக இருந்தது இதுதான். பள்ளத்தை மூடிக் குழாயை உயர்த்துங்கள். வால்வுத் தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா, சாக்கடைக்குள் குழாய் ஓடுகிறதா என்று டேங்க் ஆபரேட்டரோடு சேர்ந்து பாருங்கள். கசிவை அடைப்பது ஊராட்சியின் வேலை.

கிணறு என்றால் பிளீச்சிங் பவுடர். விட்டத்தை மீட்டரில் அளந்து, விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் × 785 என்று பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது வழக்கமான அளவு. 3 மீட்டர் அகலக் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் இருந்தால் 70 கிராம். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துதான் இறைக்க வேண்டும். பழைய, கட்டி தட்டிய பவுடருக்கு வீரியம் இருக்காது. நோய் பரவும் சமயத்தில் எவ்வளவு கூட்டுவது என்பதைச் சுகாதார ஆய்வாளரிடம் விடுங்கள்.

தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஊராட்சியில் சோதனைக் குப்பி கேளுங்கள். தண்ணீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், கறுத்தால் மலக்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது.

தண்ணீரில் குறையில்லை, தெருவில் ஒரு வீட்டில் மட்டும் குழந்தைகளுக்கு மறுபடி மறுபடி வருகிறது என்றால் கையைப் பாருங்கள். கழிப்பறைக்கு வெளியே சோப்பு இருக்கிறதா? காக்காய் தூக்குகிறது, ஆடு நக்குகிறது, அதனால் உள்ளே வைத்துவிட்டோம் என்பார்கள். நைலான் வலைப் பையில் போட்டு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். குழந்தையின் மலத்தைக் குப்பையில் வீசாமல் பேசினில் போடச் சொல்லுங்கள். சின்னக் குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறார்கள். அதிலும் அதே கிருமிதான்.

## அறிகுறி 9: கழிப்பறையில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் யாரும் போவதில்லை

இதையும் பழுதாகவே பாருங்கள். வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். வீட்டுத் தலைவர் சொல்வதும் மருமகள் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

உள்ளே விறகும் வறட்டியும் அடுக்கியிருந்தால், அவற்றுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தால்தான் கழிப்பறை காலியாகும். தாழ்ப்பாள் இல்லையென்றால் பெண்பிள்ளைகள் போகமாட்டார்கள். ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்டுங்கள். இரவில் விளக்கில்லை என்றாலும் அப்படியே. பக்கத்தில் தண்ணீர் இல்லையென்றால் வாசலிலேயே மூடியுள்ள ஒரு டிரம் வையுங்கள். அதை நிரப்பும் வேலையை வீட்டு ஆண்களும் ஏற்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

"எல்லாரும் போனா சீக்கிரம் ரொம்பிடும்" என்று ஆண்கள் வெளியே போகிற வீடுகள் நிறைய. இங்கே அறிவுரை எடுபடாது. மூடியைத் திறந்து இரண்டாவது குழி காலியாக இருப்பதைக் கண்ணால் காட்டுங்கள்; மாற்றும் முறையைச் செய்து காட்டுங்கள். மட்கிய குழியை அள்ளிய வீடு பக்கத்தில் இருந்தால் அந்த வீட்டு அக்காவையே கூட்டிவந்து பேசச் சொல்லுங்கள். மகளிர் குழுக் கூட்டம் இதற்கு நல்ல இடம்.

அப்பத்தாவோ தாத்தாவோ உட்கார்ந்து எழ முடியாமல் வெளியே போகிறார்கள் என்றால், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி போதும். அதற்கும் முடியாதவர்களுக்கு நடுவில் ஓட்டையிட்ட நாற்காலியை பேசின்மேல் வைக்கலாம். பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கையை அறுத்து, வெட்டிய விளிம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால் தொடையில் குத்தாது. வாசற்படி உயரமாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிவுத் தளம் போடுங்கள்.

கழிப்பறை வீட்டுக்கு வெகு தூரத்தில், ஆள் நடமாட்டமில்லாத மூலையில் இருந்தால் இவை எதுவும் பலிக்காது. இடம் மாற்றித்தான் கட்ட வேண்டும். அதற்குப் பணமில்லாத வீடென்றால் மனு எழுதி அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போங்கள்: குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவில் வீட்டில் எத்தனை பேர், அதில் முதியவரும் கர்ப்பிணியும் மாற்றுத்திறனாளியும் எத்தனை பேர், இப்போது எங்கே போகிறார்கள் என்று எழுதுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கூட்டத்திலிருந்து எழுந்து வராதீர்கள்.